மஞ்சள் சாறி சிவந்து போச்சு, கடையில ஏமாத்திப்போட்டினமோ?

கேள்வி: அக்கா, நான் பரந்தனில இருந்து எழுதுறன். ஒரு சாமத்தியவீட்டுக்குக் கட்டவெண்டு 8,500 ரூபாய்க்கு கைத்தறிச் சாறி ஒண்டு வாங்கினனான், இயற்கைச் சாயம், மஞ்சள்ல முக்கினது எண்டு சொல்லித்தான் தந்தவை. ஒருக்கா கட்டிப்போட்டு கிணத்தடியில பார் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சன், சாறி முழுக்க செங்கல் கலரா மாறிட்டுது. கடையில கேட்டா நீங்கள் தோய்ச்சது பிழை எண்டினம். கெமிக்கல் சாயத்தைத் தந்து ஏமாத்திப்போட்டினமோ?

பதில்: இல்லைப் பிள்ளை, அது மஞ்சள்தான், சிவந்ததே அதுக்குச் சாட்சி. ஆலாத்தித் தட்டில மஞ்சத்தண்ணிக்குள்ள துளி சுண்ணாம்பு போட்டவுடன சிவக்கிறதைப் பாத்திருப்பியள் தானே, அதே வேலையைத்தான் சவுக்காரத்தில இருக்கிற காரம் உங்கட சாறியில செய்திருக்கு. பயப்படாதேங்கோ, முதல் நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் அலசி சவுக்காரத்தைப் போக்குங்கோ, பிறகு அரை வாளித் தண்ணியில ஒரு தேசிக்காய்ப் புளி விட்டு அதுக்குள்ள முக்கி எடுங்கோ, மஞ்சள் திரும்பி வரும். ஆனா சாறியில கறுப்புக் கரை இருந்தா தேசிக்காயை அதில படவிடாதேங்கோ, இயற்கைச் சாயத்தில கறுப்பு அனேகமா கடுக்காயும் இரும்பும் சேர்ந்து வாறது, புளி பட்டா கழண்டு வெளிறிப் போகும். எதுக்கும் ஒரு மூலையில தொட்டுப் பாத்துட்டுச் செய்யுங்கோ.

எங்கட தண்ணியைப் பற்றியும் சொல்லோணும். வன்னியில கனக்கக் கிணறுகள்ல சுண்ணாம்புத் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படை பிடிக்கிறதைப் பாத்தாலே விளங்கும். அந்தத் தண்ணியில சவுக்காரம் நுரைக்காது, நுரைக்கேல்ல எண்டு நாங்கள் இன்னும் கூடத் தேய்ப்பம், கசடு துணியிலயே ஒட்டி நிண்டு கலரை மங்கப்பண்ணும். மாரியில கூரைத் தண்ணி பிடிச்சு வைக்கிற வீடெண்டா இப்பிடியான உடுப்புக்கு அதைப் பாவியுங்கோ. சவுக்காரத்துக்குப் பதிலா பூந்திக்கொட்டையை ஊறப்போட்டுக் கசக்கின தண்ணி காணும், நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும், அதில மஞ்சள் சிவக்காது. நிழல்ல காயப்போடுங்கோ, சோளகக் காத்துக்கு நிழலுக்குள்ளயே கெதியாக் காஞ்சிடும்.

ஆனா கடைக்காரரிலயும் எனக்குக் கோவம்தான். மஞ்சள் வெயிலுக்கு நிக்காத சாயம், சாயம் போடுற ஆக்களுக்கு அது நல்லாத் தெரியும், எவ்வளவு பக்குவமா வச்சிருந்தாலும் நாள்போக்கில வெளிறும். 8,500 ரூபா வாங்குறவை அதை ஒரு துண்டில எழுதிக் குடுத்திருக்கோணும். சிவப்பெண்டா கதை வேற, சாயவேர் சிவப்பு படிகாரத்தோட பிடிச்சா லேசில போகாது, ஒல்லாந்தர் காலத்தில மன்னார், வன்னிப் பக்கம் அந்த வேரைக் கிண்டி எடுக்கிறது பெரிய வருமானமா இருந்தது. பில்லைப் பத்திரமா வச்சிருங்கோ, நீங்கள் கேட்டா கடை பில் தரத்தான் வேணும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைத்தான் சொல்லுது. கடை மசியாட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கி 3 மாதத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம், 1977 எண்ட ரெலிபோன் இலக்கத்துக்கு அடிச்சும் விசாரிக்கலாம்.

கேள்வி: அவுரி நீலச் சேட் ஒண்டு வாங்கினன், உள்ள போட்ட வெள்ளை பெனியன் எல்லாம் நீலம். உப்புத் தண்ணியில ஊறவைக்கச் சொல்லினம். இது உண்மையான அவுரியோ?

பதில்: உப்பு வேண்டாம் தம்பி, அவுரிக்கு உப்பு ஒண்டும் செய்யாது. அவுரி தண்ணியில கரையாத சாயம், நூலுக்கு மேல படிஞ்சு நிக்கிற மிச்சத் தூள்தான் உரஞ்சி வருது. பச்சைத் தண்ணியில தனிய மூண்டு நாலு தரம் அலசிப் போடுங்கோ, குறைஞ்சிடும். பிளீச் மட்டும் கிட்டயும் கொண்டுபோகாதேங்கோ. உண்மையான அவுரியோ எண்டு கண்ணால பாத்துச் சொல்லேலாது, 1897 இல இருந்து விக்கிற பக்டரி நீலமும் இலையில இருந்து எடுக்கிற நீலமும் ஒரே பொருள்தான். எங்க முக்கினது, ஆர் முக்கினது எண்டு கடையில கேளுங்கோ, பதில் சொல்லத் தெரியாதவையிட்ட இயற்கைச் சாயத்து விலை குடுக்காதேங்கோ.

கேள்வி: கடுக்காய்ச் சாயம் போட்ட மண்ணிறத் துப்பட்டாவை முள்ளுக்கம்பி வேலியில காயப்போட்டன், கம்பி பட்ட இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. தோய்ச்சும் போகேல்ல.

பதில்: போகாது அம்மா. கம்பியில இருந்த துருவும் கடுக்காயும் சேர்ந்து அந்த இடத்தில புதுச் சாயமே உண்டாகிட்டுது. தேசிக்காய் தேய்ச்சா புள்ளியோட சேர்ந்து மண்ணிறமும் வெளிறும், பிறகு வெள்ளைப் புள்ளியோட நிப்பியள். வித்தவை சாயம் போடுற ஆக்களெண்டா அவையிட்டயே குடுத்து முழுத் துப்பட்டாவையும் இரும்புத் தண்ணியில முக்கித் தரச் சொல்லுங்கோ, எல்லாம் ஒரே கருஞ்சாம்பலாகி புள்ளி மறைஞ்சிடும். கனநேரம் ஊறவிட வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ, இரும்பு கூடினா பருத்தி இத்துப்போகும். அடுத்த முறை நைலோன் கயித்துக் கொடியில போடுங்கோ.