ஃபைவ் நைன் பொய்யா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. 100 வாட் ரிக் (ரேடியோ பெட்டி), மொட்டைமாடியில் ஒரு டைபோல் ஆன்டெனா. வரும் அக்டோபர் கடைசியில் சிக்யூ வேர்ல்டு வைடு எஸ்எஸ்பி கான்டெஸ்டில் (உலகெங்கும் உள்ள ஹாம்கள் குரலில் தொடர்பு பிடிக்கும் போட்டி) இறங்கலாம் என்றிருக்கிறேன். சென்ற முறை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். என் சந்தேகங்கள்: கால்சைனையே (ஸ்டேஷனின் அழைப்புப் பெயர்) மூன்று தடவை கேட்டு வாங்கியவரும் ‘ஃபைவ் நைன்’, அதாவது உங்கள் சிக்னல் மிகத் தெளிவு, நல்ல பலம் என்கிறார். இது பொய்யில்லையா? ஏற்கெனவே பேசியவர் திரும்ப அழைத்தால் என்ன செய்வது? பல பேர் சேர்ந்து அழைத்தால் எப்படிப் பிரிப்பது? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் “இந்த ஃப்ரீக்வென்சிக்கு வாங்க” என்று போடலாமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

பொய்தான். ஆனால் அதில் யாரும் ஏமாறுவதில்லை. லாக் (தொடர்புகளைப் பதியும் பட்டியல்) மென்பொருளில் 59 முன்பே நிரம்பியிருக்கும். நீங்கள் நேர்மையாக ‘த்ரீ த்ரீ’ என்றால் எதிரில் இருப்பவர் கையை நிறுத்தி அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான் பலன். அங்கே பரிமாறப்படும் உண்மையான சரக்கு இரண்டு: கால்சைன், ஸோன் எண் (உலகைப் பிரித்த மண்டலத்தின் எண்). நமக்கு ஸோன் 22. அந்தமானிலிருந்து பேசினால் 26.

இந்த இரண்டில் கால்சைன் தவறினால்தான் அடி பலம். போட்டி முடிந்ததும் எல்லா லாக்குகளையும் கணினி ஒன்றோடொன்று ஒப்பிடும். கால்சைனில் ஒரு எழுத்து பிசகினாலும், எதிராளியின் லாக்கில் நீங்கள் இல்லாவிட்டாலும், அந்தத் தொடர்பு போகும். அதன் புள்ளிகளைப்போல் இரு மடங்கு அபராதமும் விழும். ஐரோப்பாவோடு பேசினால் 3 புள்ளி. அதில் தவறு செய்தால் அந்த 3 போவதோடு, சரியாகப் பிடித்து வைத்திருந்த வேறு இரண்டு தொடர்புகளின் 6 புள்ளியும் கரையும். ஸோன் தவறினால் தொடர்பு மட்டும் போகும்.

திரும்ப அழைப்பவர் பற்றிய பதிலும் இதில்தான் இருக்கிறது. டூப்புக்கு (ஏற்கெனவே பேசியவரோடு மறுபடி பேசுவது) அபராதம் கிடையாது. “நாம் பேசிவிட்டோமே” என்று வாதாட எடுக்கும் நேரத்தில் மறுபடி ஒரு முறை 59 22 கொடுத்து முடித்துவிடலாம். அவர் வேண்டுமென்றே திரும்ப வரவில்லை. முதல் தடவை உங்கள் கால்சைனை அவர் தவறாக எழுதியிருக்கலாம், எழுதாமலே விட்டிருக்கலாம். ஆகவே பேசுங்கள், லாக்கில் ஏற்றுங்கள், அழிக்காதீர்கள்.

இனி கூட்டம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது காதில் விழுவது பெரும்பாலும் கடைசி இரண்டு எழுத்துதான். ‘மைக் சியரா’ (எம், எஸ்) என்று விழுந்ததா? “மைக் சியரா, யார் நீங்கள்?” என்று கேட்டால் மறுபடி பத்துப் பேரும் கத்துவார்கள். “மைக் சியரா, ஃபைவ் நைன் டூ டூ” என்று ரிப்போர்ட்டோடு கொடுங்கள். யாருக்கு வாய்ப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் முழு கால்சைனையும் ஸோனையும் சேர்த்துச் சொல்வார். நீங்கள் அந்தக் கால்சைனை முழுதாகத் திருப்பிச் சொல்லி, நன்றி, உங்கள் கால்சைன் என்று முடிக்க வேண்டும். திருப்பிச் சொல்லாமல் விட்டால், நீங்கள் சரியாக எழுதினீர்களா என்ற சந்தேகத்தில் அவர் இன்னொரு முறை வருவார். இடையில் வேறொருவர் அதிக பவரோடு நுழைந்தால் அவரை எடுக்கவே கூடாது. ஒரு தடவை எடுத்தாலும் போதும், குறுக்கே கத்தினால் வேலை நடக்கும் என்று அங்கிருக்கும் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். அதன் பிறகு அந்த ஃப்ரீக்வென்சி உங்கள் கையில் இருக்காது.

உங்கள் கால்சைனை ஒவ்வொரு தொடர்பு முடிவிலும் சொல்லுங்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு தடவைதான் சொல்வேன் என்று ஓடும் பெரிய ஸ்டேஷன்கள் உண்டு. எனக்கு அது வேகமாகத் தெரியவில்லை, காத்திருப்பவர்களின் நேரத்தைத் திருடுவதாகவே தெரிகிறது.

மென்பொருள் தானாக நிரப்பும் ஸோனையும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் கால்சைனில் உள்ள எண்ணுக்கும் வசிக்கும் இடத்துக்கும் இப்போது கட்டாயத் தொடர்பு இல்லை. எண் 3 என்றால் கிழக்குக் கரை, ஸோன் 5 என்று திரையில் காட்டும். ஆள் அரிசோனாவில் உட்கார்ந்து ‘ஸோன் 3’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

வாட்ஸ்அப்: கூடாது. போட்டி நேரத்தில் தொலைபேசி, இணையம் வழியாகத் தொடர்பு கேட்பதையும் ஏற்பாடு செய்வதையும் விதி நேரடியாகத் தடுக்கிறது. முடிந்த பிறகு ரெக்கார்டிங்கைக் கேட்டோ மின்னஞ்சலில் விசாரித்தோ லாக்கைத் திருத்துவதற்கும் இதே கதிதான். தவிர, நம் ஊர் நண்பர்களை வரவழைப்பதில் பெரிய லாபமும் இல்லை. சொந்த நாட்டுத் தொடர்புக்கு 0 புள்ளி. ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைப் பகுதி) முதல் இந்திய ஸ்டேஷன் நாடு, ஸோன் என்ற மல்டிப்ளையர் (மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்) கணக்குக்கு உதவும், அதற்குமேல் இல்லை. ஜப்பான் நம் கண்டம் என்பதால் 1 புள்ளி.

மல்டிப்ளையரைக் குறைத்து எடை போடாதீர்கள். 600 புள்ளி, 50 மல்டிப்ளையர் என்றால் 30,000. இன்னொரு சாதாரண ஜெர்மன் ஸ்டேஷன் 150-ஐக் கூட்டும். புதிய நாடு ஒன்று அதே 3 புள்ளியோடு வந்தால் 753 கூடும். டைபோலும் 100 வாட்டும் வைத்திருப்பவர் ஓரிடத்தில் உட்கார்ந்து சிக்யூ (எல்லோருக்குமான அழைப்பு) கூவுவதைவிட பேண்ட் முழுக்க ஸ்டேஷன்களைத் தேடிப் போவது நல்லது என்பதற்கு இதுவே காரணம். சிக்யூ கூவத்தான் வேண்டுமென்றால் 28 மெகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். “ஃப்ரீக்வென்சி காலியா?” என்று இரண்டு முறை கேளுங்கள், பேசும் இருவரில் ஒருவர் ஸ்கிப்பில் (அலை உங்களைத் தாண்டிப் போய்விடும் தூரத்தில்) இருந்தால் அவர் குரல் உங்களுக்குக் கேட்காது. 30, 17, 12 மீட்டர் பேண்டுகள் பக்கம் போகவே வேண்டாம், அங்கே கான்டெஸ்ட் இல்லை.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்தில் அதிகம் நடப்பது: ஸ்பிளாட்டர், அதாவது சிக்னல் அகலமாகச் சிதறுவது. மைக் கெயினையும் குரலை அழுத்தி உயர்த்தும் ப்ராசஸரையும் முழுக்கத் திருப்பி, ஏஎல்சி மீட்டர் (ரிக் தன் உச்சத்தைத் தானே அடக்கும் அளவைக் காட்டுவது) எல்லை தாண்டி ஓடுவது பாதிக் காரணம். மீதி பவர் சப்ளை. 100 வாட் ரிக் பேச்சின் உச்சத்தில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயர் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால் 13.8 வோல்ட் அந்த நொடியில் இறங்கி, குரல் பக்கத்து ஸ்டேஷன்கள் மேல் சிதறும். வோல்ட் மீட்டரை ரிக்கின் முனையில் வைத்து, பேசிக்கொண்டே அளந்து பாருங்கள். அளவு மீறி அகலமான சிக்னலுக்குத் தகுதிநீக்கம்வரை போகலாம்.

லாக் முழுவதும் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் இருக்க வேண்டும். போட்டி நமக்குச் சனி காலை 5.30-க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30-க்கு முடியும். அதன் பிறகு ஐந்து நாளுக்குள் கப்ரில்லோ என்ற லாக் வடிவத்தில் கோப்பாக அனுப்பிவிடுங்கள். முப்பது தொடர்புதான் என்றாலும் அனுப்புங்கள், அந்த முப்பது பேரின் லாக்கைச் சரிபார்க்க அது வேண்டும்.