காய்ச்சல் இல்லாத வார்டுக்கு எதற்குப் பணம்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோய்த்தடுப்புப் பணத்தை, நோய் எப்படிப் பரவும் என்று சமன்பாடு போட்டுக் கணிக்கிற கணித மாதிரிகளை வைத்துப் பிரிப்பதே சரி என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் காலத்துக் கணக்கு எளிது: போன வருடம் எங்கே காய்ச்சல் அதிகமோ, இந்த வருடம் அங்கே மருந்தும் ஆளும். காய்ச்சலே வராத வார்டில் கொசு ஒழிப்புப் பணியாளர்களை வைத்திருந்தால் தணிக்கையில் ஆட்சேபணை எழுதுவார்கள். அது நியாயம்தானே? இன்னொன்று, உயிர்களைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சமன்பாடு இல்லாத இடத்திலும் பணம் பிரிக்கப்படத்தான் செய்கிறது. சத்தம் போடுகிற ஊருக்கும் செல்வாக்குள்ள தொகுதிக்கும் போகிறது. சமன்பாடு இருந்தால், இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சண்டையாவது போடலாம். ஆனால் ஒரு மலைக்கிராமத்துக்கு ஆகும் செலவில் சமவெளியில் பத்து ஊரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு சொல்லும்போது நான் உங்கள் கட்சி. அதைச் சட்டமன்றத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

தணிக்கை ஆட்சேபணைக்கு வருகிறேன். இலங்கையில் 1934-35 மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. உலகப்போர் முடிந்த கையோடு வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். பதினேழு பேருக்காக எத்தனை வீட்டுக்கு மருந்தடிப்பது? நிறுத்தினார்கள். 1968-69இல் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயில் விழுந்தார்கள்.

இந்த 17 என்ற எண்ணில்தான் சிக்கல். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், பிற்பாடு அந்த நோய்க்குச் சமன்பாடு எழுதினார். ஒரு நோயாளியிலிருந்து எத்தனை புது நோயாளிகள் உருவாவார்கள்? அது ஒன்றுக்குக் கீழே போனால் நோய் தானாக அணையும். கடைசிக் கொசுவரை கொல்லத் தேவையில்லை. 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மக்டொனால்ட் இதை மேலே கொண்டுபோனார். கொசு குடித்த ரத்தத்தில் உள்ள கிருமி முற்றிப் பரவத் தயாராகப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் கொசு செத்துவிட்டால் அதனால் ஆபத்தில்லை.

கணக்குப் பிரிவில் இருந்தவர், நீங்களே போட்டுப் பாருங்கள். தினமும் நூற்றுக்கு 90 கொசு பிழைத்தால், பத்தாம் நாள் மிஞ்சுவது 35. தினமும் 80 பிழைத்தால் 11. எழுபது என்றால் 3. கொசுப் புழுக்களைப் பாதியாக்கினால் பரவலும் பாதியாகும், அவ்வளவுதான். அதே பணத்தில் சுவருக்கு மருந்தடித்து, அங்கே வந்து உட்காரும் வளர்ந்த கொசுவின் ஆயுளைக் கொஞ்சம் வெட்டினால் பரவல் மளமளவென்று சரியும். சுவருக்குப் பணம் போனது இதனால்தான்.

இந்தக் கணக்கில் எத்தனை பேர் நோயில் கிடக்கிறார்கள் என்பது வரவே இல்லை, கவனித்தீர்களா? மருந்தடிப்பை நிறுத்தியதும் கொசு பழையபடி நீண்ட நாள் வாழத் தொடங்குகிறது. அப்போது நோய் மறுபடி பரவ 17 பேரே தாராளம். தணிக்கையாளர் நோயாளிகளை எண்ணினார். ஒரு நோயாளி எத்தனை பேரை உண்டாக்குவார் என்று கேட்கவில்லை.

மாதிரியும் அப்படியே நம்பத்தக்கதில்லை. தாளில் மருந்து மருந்தாகவே இருக்கும். வயல்வெளியில் கொசு அதற்குப் பழகிக்கொள்கிறது. இந்தியாவில் 1965இல் சுமார் 1 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகள் 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியதற்கு, பணமும் மேற்பார்வையும் தளர்ந்ததோடு இதுவும் காரணம். வருடாவருடம் கொசுவைப் பிடித்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்காமல் சமன்பாட்டை மட்டும் வைத்திருப்பது வீண்.

நோய் ஒழிந்த பிறகும் எல்லா வீட்டுக்கும் மருந்தடித்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. அதுவும் விரயம். பணத்தை மருந்தடிப்பிலிருந்து ரத்தப் பரிசோதனைக்கும் கொசுக் கண்காணிப்புக்கும் நகர்த்த வேண்டும். இரண்டாம் முறை இலங்கை அதைத்தான் செய்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பின்னும் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வந்து இறங்குகிறவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

சான்றிதழ் வந்த சில மாதங்களிலேயே மன்னாரில் அனோபிலஸ் ஸ்டீபன்சை என்ற கொசு இனம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை இலங்கையில் இல்லாத கொசு. சென்னையில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்புவது இதுதான். உள்ளூர் மலேரியா ஒன்றுகூட இல்லாத நாட்டில், கொசு பார்க்கிறவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்ததால் அது கண்ணில் பட்டது. உங்கள் தணிக்கையாளர் போயிருந்தால் அந்தச் சம்பளத்துக்குத்தான் முதலில் ஆட்சேபணை எழுதியிருப்பார்.