சிறிய ‘க்யூ’ போட்டு எழுதப்படும் சர்வாதிகாரி: சொல் ஐயங்கள்

ஆங்கிலத் தலையங்கம் ஒன்றில் ‘க்விஸ்லிங்’ என்ற சொல்லைப் பார்த்தேன். அகராதி ‘துரோகி’ என்கிறது. அப்படியானால் ‘ட்ரெய்ட்டர்’ என்றே எழுதியிருக்கலாமே?

எழுதலாம், ஆனால் கூர்மை போய்விடும். ‘ட்ரெய்ட்டர்’ எல்லா வகைத் துரோகிக்கும் பொருந்தும். தன் நாட்டைப் பிடித்துக்கொண்ட அந்நியப் படையோடு கைகோத்து, அவர்கள் தயவில் பதவி வகிப்பவன்தான் க்விஸ்லிங்.

நார்வே நாட்டு விட்குன் க்விஸ்லிங்கின் குடும்பப் பெயர் அது. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தது. அன்று மாலையே அவர் வானொலியில் பேசி, ஆட்சி இனி என் கையில் என்று அறிவித்தார். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, ஜெர்மானியர்களே ஓரங்கட்டிவிட்டார்கள். ஆனால் ஏப்ரல் 19 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ அவர் பெயரைப் பன்மையாக்கித் தலையங்கத்துக்குத் தலைப்பாகவே வைத்துவிட்டது. ஆள் இறங்கிவிட்டார், பெயர் கிளம்பிவிட்டது. 1942 பிப்ரவரியில் ஜெர்மானியர் மறுபடி அவரை அரசுத் தலைவராக உட்காரவைத்தார்கள். போர் முடிந்ததும் விசாரணை நடந்து, 1945 அக்டோபர் 24 அன்று ஓஸ்லோவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

சொல் இவ்வளவு சீக்கிரம் பரவியதற்கு ஒலியும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் ‘அண்டர்லிங்’, ‘வீக்லிங்’, ‘ஹயர்லிங்’ என்று ‘லிங்’கில் முடியும் சொற்கள் பல இளக்காரமானவை. உண்மையில் இந்தப் பெயருக்கும் அந்தப் பின்னொட்டுக்கும் உறவே இல்லை. டென்மார்க்கின் க்விஸ்லெமார்க் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் அது. ஆங்கிலக் காதுக்கு மட்டும் வசை போலவே கேட்டது.

பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா? எப்படி உச்சரிப்பது? வினைச்சொல் உண்டா?

மனிதரைக் குறித்தால் பெரிய ‘க்யூ’. துரோகி என்ற பொருளில் வந்தால் சிறியது. தேர்வில் இதில்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். முதல் அசையில் அழுத்தம். நடுவில் வரும் ‘ஸ்’, ஆங்கில ‘இஸ்’ என்ற சொல்லின் கடைசியில் வருவதுபோல அதிரும் ஒலி, ‘பஸ்’ஸில் வருவது அல்ல. ‘க்விஸில்’ என்று ஒரு வினைச்சொல்லைப் போர்க்காலத்தில் உருவாக்கிப் பார்த்தார்கள். இன்று அதை எழுதினால் விளக்கமும் சேர்த்து எழுதவேண்டியிருக்கும், விட்டுவிடுங்கள்.

தமிழில் ‘எட்டப்பன்’ என்று மொழிபெயர்க்கலாமா? ‘ஐந்தாம்படை’ சரிவருமா?

‘எட்டப்பன்’ நெருங்கி வருகிறது. கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியோடு நின்ற எட்டயபுரத்துப் பாளையக்காரரை வைத்துப் பிறந்த வசை. ஆனால் எட்டப்பன் என்பது அந்த வம்சத்தார் எல்லோரும் தாங்கிய பட்டப்பெயர். ஒருவருக்காக அத்தனை தலைமுறையும் பழி சுமக்கிறது. நார்வே பற்றிய கட்டுரையில் அந்தச் சொல்லைப் போட்டால் வாசகர் மனம் நேரே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்விடும். அங்கே ‘அந்நியரின் கைப்பாவை’ என்று எழுதுவது நல்லது.

‘ஐந்தாம்படை’ வேறு. 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மாட்ரிட் நகரை நான்கு படைப்பிரிவுகள் நெருங்கியபோது, நகருக்குள்ளேயே மறைந்திருந்த அவற்றின் ஆதரவாளர்களுக்கு வந்த பெயர் அது. ஐந்தாம்படை ஒளிந்திருக்கும், க்விஸ்லிங் நாற்காலி போட்டு வெளிப்படையாக உட்கார்ந்திருப்பான். கட்சி தாவுகிறவருக்கு இரண்டுமே பொருந்தாது. அவருக்கு ஆங்கிலத்தில் ‘டர்ன்கோட்’ இருக்கிறது.

‘ஹிட்லர்’ மட்டும் ஏன் சிறிய எழுத்துச் சொல்லாகவில்லை?

அந்த மனிதர் இன்னும் பெயரிலிருந்து கழன்றுகொள்ளவில்லை. ‘ஹிட்லர்’ என்றதும் அவர் முகம்தான் வருகிறது. ‘க்விஸ்லிங்’ என்றால் பாதிப்பேருக்கு அது ஓர் ஆளின் பெயர் என்பதே நினைவில்லை. எனவே ‘எ ஹிட்லர்’ என்று முன்னால் ‘எ’ சேர்த்தாலும் ‘எச்’ பெரியதாகவே நிற்கும். ‘ஹிட்லரியன்’, ‘ஹிட்லரிசம்’ ஆகியவற்றுக்கும் அப்படியே. கையளவு அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஆட்டம் போடும் சிற்றதிகாரிக்கு ‘லிட்டில் ஹிட்லர்’ என்ற தொடர் உண்டு.

ஓர் எச்சரிக்கை. “எங்க ஹெட்மாஸ்டர் ஒரு ஹிட்லர்” என்று தமிழில் சிரித்துக்கொண்டே சொல்வோம். கண்டிப்பானவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதையே ஆங்கில மின்னஞ்சலில், அதுவும் ஜெர்மனியிலோ இஸ்ரேலிலோ இருப்பவருக்கு எழுதினால் வேலைக்கே ஆபத்து. ‘மார்ட்டினெட்’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு குடும்பப் பெயர்தான்: பதினான்காம் லூயி காலத்துப் படைப்பயிற்சி அதிகாரி ஒருவருடையது. எவர் மனமும் புண்படாது.

ஸ்டாலின் குடும்பப் பெயரா? ‘ஸ்டாலினிஸ்ட்’ என்று யாரைச் சொல்லலாம்?

சோவியத் தலைவர் ஸ்டாலினின் இயற்பெயர் ஜுகாஷ்விலி. ரஷ்ய மொழியில் ‘ஸ்டால்’ என்றால் எஃகு. அதை வைத்துச் சூட்டிக்கொண்ட புனைபெயர் குடும்பப் பெயரின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஸ்டாலினிஸ்ட்’ என்பது அவரது கொள்கையை, ஆட்சிமுறையைக் குறிக்கும். மு.க. ஸ்டாலினின் ஆதரவாளரை ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் பொருளே மாறிவிடும். சோவியத் தலைவர் 1953 மார்ச் 5 அன்று மறைந்தார். அதே ஆண்டு மார்ச் 1 அன்று பிறந்த மு.க. ஸ்டாலினுக்குக் குழந்தையாக இருக்கும்போது வைத்த பெயர் அது, கொள்கைப் பட்டமல்ல.

சதாம் உசேனைச் செய்தியில் ‘சதாம்’ என்கிறார்கள். மரியாதைக் குறைவா?

இல்லை. உசேன் அவருடைய தந்தையின் பெயர். நம் இனிஷியலை விரித்து எழுதியதுபோல. இரண்டாம் முறை குறிப்பிடும்போது ‘சதாம்’ என்பதே சரி. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆகவே மாவோவுக்கு ‘மாவோ’தான்.

‘ஃபிராங்கோ-ஜெர்மன்’ என்றால் ஸ்பெயினின் ஃபிராங்கோவா?

அல்ல. இணைப்புக்கோட்டோடு முன்னால் வரும் ‘ஃபிராங்கோ’ பிரான்சைக் குறிக்கும். ஸ்பெயின் ஆட்சியாளரின் வழிவந்தது ‘ஃபிராங்கோயிஸ்ட்’.

இப்படி வந்த பழைய சொல் ஏதாவது உண்டா?

நாள்காட்டியில் இருக்கிறது. ‘சர்வாதிகாரி’ என்பதை ரோமில் பதவிப்பெயராகவே, கி.மு. 44இல் வாழ்நாள் முழுமைக்கும், பெற்றவர் ஜூலியஸ் சீசர். ‘ஜூலியஸ்’தான் அவரது குலப்பெயர். ‘ஜூலை’ அதிலிருந்து வந்தது. ‘சீசர்’ குலத்துக்குள் ஒரு கிளையின் பெயர். ஜெர்மனியின் ‘கைசர்’, ரஷ்யாவின் ‘ஜார்’ இரண்டும் அதன் வழித்தோன்றல்கள். சீசர் சாலட் மட்டும் அவருடையதல்ல. மெக்சிகோவின் டிஹுவானாவில் உணவகம் நடத்திய சீசர் கார்டினி என்பவருடையது.