அலையாத்திக்குப் பின்னால் இடம் இருக்கிறதா?

கேள்வி: தொண்டிப் பக்கம் கழிமுகத்தை ஒட்டி ஊர் இளைஞர்கள் சேர்ந்து அலையாத்தி நடப்போகிறோம். கடல் மட்டம் உயர்கிறது என்கிறார்களே, நட்டது நிற்குமா? கடலோரமாக நடுவதா, உள்ளே தள்ளி நடுவதா?

பதில்: பின்னால் நகர இடம் இருந்தால் நிற்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை அப்போது வெறும் தரை; இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் வேகமாக ஏறியபோது, கரையோர அலையாத்திகள் நின்ற இடத்திலேயே மூழ்கின. விதை ஒதுங்கிய உள்பகுதிகளில் புதுக்காடு எழுந்தது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏற்றம் தணிந்த பிறகுதான் பல கரைகளில் அவை நிலைத்தன. சேற்றைத் துளையிட்டு எடுத்து, அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத்தையும் வேர் மட்கையும் பார்த்து இதை அறிகிறார்கள். அப்படிப் பல நாட்டுச் சேற்றை ஒப்பிட்ட 2020 ஆய்வு ஒன்று எல்லையையும் சொல்கிறது: கடல் ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால், வேரும் வண்டலும் தரையை உயர்த்தி ஈடுகொடுக்க முடியாது. இன்றைய உலகச் சராசரி 4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது.

நம் கரையில் என் பெரிய கவலை, ஆறு கொண்டுவரும் வண்டல்தான். வைகை பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. உங்கள் பக்கத்துச் சிற்றாறுகளும் மழைக்காலத்தில்தான் ஓடுகின்றன. நன்னீர் குறைந்தால் உப்பு ஏறும். மழை குறைந்த பழைய காலங்களிலும் சுரபுன்னை போன்ற அலையாத்தி வகைகள் ஒடுங்கி, உப்பைத் தாங்கும் வெண்கண்டலே பெருகியது. உங்கள் பக்கத்துக் காரங்காடு ஊர் அலையாத்திக் காட்டிலும் அதுதான் அதிகம். நீங்களும் அதையே முதன்மையாக நடுங்கள்.

சரி, எங்கே நடுவது? கடல் பக்கம் வேண்டாம். பாக் விரிகுடாவில் ஏற்றவற்றம் சிறியது. எந்நேரமும் நீருக்கடியில் கிடக்கும் சேற்றில் கன்று பிழைக்காது, அங்குள்ள கடற்புல்லும் கெடும். ஏற்றத்தில் நீர் வந்து வற்றத்தில் வடிகிற வாய்க்கால் ஓரங்களைப் பாருங்கள். தூர்ந்த வாய்க்கால் இருந்தால், வனத்துறையிடம் கேட்டு முதலில் அதைத் திறந்துவிடுங்கள். அப்புறம் பல இடங்களில் விதை தானே ஒதுங்கி முளைக்கும்.

இவற்றைவிட முக்கியம், காட்டுக்குப் பின்னால் உமரிச் செடி மண்டிக் கிடக்கும் உவர்நிலம். காடு நகர வேண்டிய இடம் அதுதான். சும்மாதானே கிடக்கிறது என்று அங்கே இறால் பண்ணையோ சாலையோ வந்துவிட்டால், ஏறிவரும் கடலுக்கும் அந்தப் பண்ணைக் கரைக்கோ சாலை மேட்டுக்கோ நடுவே காடு மாட்டிக்கொள்ளும். எத்தனை கன்று என்று பேசுவதற்கு முன், அந்த நிலத்தை யாரும் அடைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுங்கள்.