'மூவ் அப்' என்றால் 2 மணியா, 6 மணியா?

4 மணிக் கூட்டத்தை 2 மணி நேரம் 'மூவ் அப்' செய்ததாக மெயில் வந்திருக்கிறது, எப்போது போவது என்று கேட்டிருந்தீர்கள். 2 மணிக்குப் போங்கள். 'அப்' என்றதும் கடிகார எண் கூடும் என்று நினைத்துவிடுகிறோம், குழப்பமே அங்கேதான். நாள் நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், மேலே இருப்பதுதான் முதலில் நடக்கும். அந்த 'மேலே' என்றே இதை மனதில் வையுங்கள். தள்ளிப்போட்டிருந்தால் 'புஷ் பேக்' என்றிருப்பார்கள். 'மூவ் ஃபார்வர்ட்' ஆளுக்கொரு விதமாகப் புரியும். அதைப் பார்த்தால் மணியைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பதிலில் 'மூவ் அப் இட்' என்று எழுதிவிடாதீர்கள், 'மூவ் இட் அப்'தான் சரி. 'மூவ் அப்'போடு 'இட்', 'தெம்' போன்றவை வந்தால் எப்போதும் நடுவில்தான் வரும்.