காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களும் பாடல்களும் கடை மூடினால் என்னவாகும்?

கேள்வி கேட்டவர் தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கிறார். அவர் தமிழ் மின்னூல்களும் பாடல்களும் வாங்கிவந்த ஒரு சிறிய இணையக் கடை விரைவில் மூடப்படுவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதுவரை வாங்கியவை என்னவாகும், இனி வாங்குபவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்பது அவருடைய கேள்வி. காரைக்குடியில் பழைய ஒலிநாடாக்களையும் கல்யாண வீடியோ கேசட்டுகளையும் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருவது என் தொழில் என்பதால், இதே கேள்வி வேறு வேறு உருவங்களில் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

கடை மூடுகிறது என்பதை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது. முன்பு நடந்த இரண்டு மூடல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012இல் ‘ஃப்ளைட்’ என்ற பெயரில் எம்பி3 பாடல் கடை ஒன்றைத் தொடங்கி, 2013 ஜூனில் அதை மூடியது. வாங்கியவர்கள் பாடல்களைப் பதிவிறக்கிக்கொள்ள ஆகஸ்ட் வரை அவகாசம் தந்தது. அந்தப் பாடல்களில், வேறு கருவியில் திறக்கவோ நகலெடுக்கவோ விடாமல் தடுக்கும் மென்பொருள் பூட்டு எதுவும் இல்லாததால், அவகாசத்துக்குள் இறக்கி வைத்துக்கொண்டவர்கள் இன்றும் அவற்றைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் தன் மின்னூல் கடையை மூடியபோது நடந்தது வேறு. நூலைத் திறப்பதற்கான உரிமம் அந்த நிறுவனத்தின் சேவையகத்தை (சர்வரை) சார்ந்திருந்ததால், அவ்வாண்டு ஜூலைக்குப் பிறகு, ஏற்கெனவே கணினியில் இறக்கி வைத்திருந்த நூல்களும் திறக்கவில்லை. கொடுத்த விலையை முழுமையாகத் திருப்பித் தந்தார்கள். நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். ஒருவர் ஊன்றிப் படித்து எழுதிய குறிப்புகளுக்கு 25 டாலர் என்று யார் கணக்குப் போட்டார்களோ தெரியவில்லை.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது, வாங்கியது கோப்பாக உங்கள் கையில் இருக்கிறதா, அல்லது வெறும் அனுமதியாக வேறொருவர் கணினியில் இருக்கிறதா என்பதுதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளத் தரும் கடைகளுக்கு அதில் விலக்கு உண்டு. நமக்கு விற்கும் பெரிய கடைகளும் விதிமுறைப் பக்கத்தில் இதையேதான் எழுதி வைத்திருக்கின்றன; அதை யார் படிக்கிறார்கள்?

இதைக் கண்டறிய நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, உங்கள் கணக்கு இல்லாத வேறொரு கணினியில், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்தக் கடையின் செயலி அல்லாத ஒரு மென்பொருளில் திறந்து பாருங்கள். திறந்தால் அது உங்கள் கையில் இருக்கிறது என்று பொருள். எம்பி3, ஃபிளாக் வடிவப் பாடல்களும், பூட்டில்லாத இபப், பிடிஎஃப் வடிவ நூல்களும் இதில் தேறிவிடும். செயலிக்குள் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் பதிவிறக்கங்கள் பெரும்பாலும் தேறாது. அவற்றை எத்தனை வட்டுகளில் நகலெடுத்து அடுக்கினாலும் பயனில்லை. முன்பு முடிந்தது இன்றும் முடியும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்திவிட்டது.

கடை மூடாமலேயே வாங்கியது கைவிட்டுப் போவதும் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் செட்டிநாட்டு வீடுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சிக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் தன் கணக்கிலேயே முருகன் பாடல்களை வாங்கி டேப்லெட்டில் போட்டுக் கொடுத்திருந்தார். பிறகு அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனபோது கணக்கிலும் நாட்டை மாற்றிக்கொண்டார். டேப்லெட் பழுதாகி எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டி வந்ததும், புதிய நாட்டுக் கடையில் இல்லாத பாடல்கள் மீண்டும் இறங்க மறுத்துவிட்டன. ஆச்சி அதை என் கடைக்கு எடுத்துவந்து, “பேரு மட்டும் வரிசையா இருக்கு தம்பி, பாட்டைக் காணோமே” என்றார். அவர் சொன்னது சரிதான். பெயர்கள் சாம்பல் நிறத்தில் நின்றன, தொட்டால் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பாடல்களில் பெரும்பகுதி அவர் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் ஒலிநாடாவாகக் கிடந்தது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்து, மெல்ல ஓடவிட்டு, கோப்பாக்கிக் கொடுத்தேன்.

வாரிசுக்குப் போவதிலும் இதே சிக்கல்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தன. குடும்பத்தார் விற்க முடிந்தது, ஒரு பல்கலைக்கழகம் வாங்க முடிந்தது, அழியும் தாள்களை நுண்படச் சுருளில் பதிவு செய்ய முடிந்தது. அதே அளவு நூல்களை இன்று ஒருவர் கணக்கொன்றில் வாங்கிச் சேர்த்தால், பெரும்பாலான கடைகளின் விதிப்படி அவற்றை மகனுக்குக்கூட எழுதி வைக்க முடியாது. ஆப்பிள் நிறுவனம், இறந்தவர் முன்பே குறித்து வைத்த ஒருவர் அவருடைய புகைப்படங்களையும் குறிப்புகளையும் பெறுவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறது; விலை கொடுத்து வாங்கிய படங்கள், இசை, நூல்கள் மட்டும் அதில் சேராது. அதனால், பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைக்கும் நூலை அச்சிலோ பூட்டில்லாத கோப்பாகவோ மட்டுமே வாங்குகிறேன். ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துபோகும் படத்துக்கு அனுமதியே போதும். அதற்கு முழு விலை கொடுப்பதுதான் வீண்.

கையில் இருக்கும் கோப்புகளைக் காப்பதற்கு, பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 முறை இன்றும் போதுமானது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். இடம் அதிகம் பிடிக்குமோ என்று பலர் தயங்குகிறார்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாடல் சுமார் 12 எம்பி. ஆயிரம் பாடல்கள் 12 ஜிபிக்குள் அடங்கிவிடும். வேறு இடம் என்பது நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு சிரமமே இல்லை. ஊரில் ஒரு வீடு, சென்னையில் ஒரு வீடு என்று வாழ்கிறவர்கள், ஒவ்வொரு விசேஷத்துக்கும் வரும்போது ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து புதுப்பித்து எடுத்துப்போகலாம்.

சாதனத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். வீட்டில் எழுதிய டிவிடிகளை நம்பி மூலக் கேசட்டைத் தூக்கிப் போட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். அந்தத் தட்டுகளில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் பட்டால் அது மங்கிவிடும். தட்டை இயக்கியில் வைத்ததும் வேகமெடுத்து, தடுமாறி, மறுபடி வேகமெடுக்கும் சத்தத்தைக் கேட்டாலே முடிவு தெரிந்துவிடும். பென்டிரைவை மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பூட்டி வைத்தால், அதன் உள்ளிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்து தகவல் கெடலாம். ஹார்டு டிஸ்க்கில் நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்தடை வந்தால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் மடிக்கணினியில் நகலெடுப்பதே மேல்.

மேகச் சேமிப்பில் எல்லாம் ஒத்திசைந்து இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒத்திசைவு என்பது ஓரிடத்தில் நடப்பதை எல்லா இடத்திலும் நடத்திக் காட்டும் ஏற்பாடு. கைபேசியில் தவறுதலாக அழித்தால் கணினியிலும் அழியும். மறுசுழற்சித் தொட்டியின் கெடு முடிந்தபின் அதுவும் உதவாது. மூன்றில் ஒரு பிரதியாக அதை வைத்துக்கொள்ளலாம். அது மட்டுமே போதாது. இணைப்பைக் கழற்றி அலமாரியில் வைத்த ஹார்டு டிஸ்க்கை நச்சுநிரலும் தொட முடியாது. ஆண்டுக்கொரு முறை அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்ப்பது நல்லது. கணினிப் பழக்கம் உள்ளவர்கள், கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணை எழுதி வைத்து ஒப்பிடலாம்.

பூட்டை உடைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்பை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 52ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. நான் வழக்கறிஞன் அல்லன். என் கடையில் பூட்டுடைக்கும் வேலையை எடுப்பதில்லை.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். கடை மூடும் தேதிக்கு முன்பே உங்கள் கணக்கில் உள்ள அனைத்தையும் இறக்கி, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். தேறாதவற்றைப் பட்டியலிட்டு, பூட்டில்லாத கோப்பாகத் தர வேண்டும் அல்லது விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் சாட்சி இருக்காது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகத்தில் டிஜிட்டல் பொருள்களையும் சேர்த்தே சொல்கிறது என்பதால், பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதற்கு ரசீது வேண்டும். கடை மூடிய பின் கணக்குக்குள் நுழையவே முடியாமல் போகலாம். ஆகவே வாங்கிய பட்டியலையும் ரசீதுகளையும் பிடிஎஃப்பாக எடுத்து வைக்கும் வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்துவிடுங்கள்.