போரில் மறைந்தவருக்கு ஒரு நினைவு நடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் சேர்ந்து, 1944-ல் பர்மா போர்முனையில் 24 வயதில் இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் நினைவாகக் குடும்பத்தோடு நடந்து ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டப் போகிறோம். பதாகையில் போட அவருடைய சரியான விவரத்தை எங்கே தேடுவது?

பதில்: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். கட்டணம் இல்லை. இரு உலகப் போர்களிலும் மடிந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களையும் சேர்த்திருப்பதால், 1944-ல் கிடைக்காவிட்டால் ஆண்டைத் தளர்த்திப் பாருங்கள்.

நம் ஆட்களின் பெயர்கள் அங்கே பெரும்பாலும் குடும்பப்பெயருக்கான கட்டத்தில்தான் ஏறியிருக்கும். எழுத்துக்கூட்டலும் எழுதிய குமாஸ்தாவின் காதுக்குக் கேட்டபடி இருக்கும். முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுங்கள். வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள். படை எண் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பனார் பெயரோ ஊரோ ஒத்துப்போகாமல் பதாகை அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொரு குடும்பத்துப் பிள்ளையின் எண் உங்கள் தாத்தாவின் அண்ணன் பெயருக்குக் கீழே போய்விடும்.

கல்லறை இல்லையே என்றும் தேடலை விட வேண்டாம். யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே தவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அங்கேயே தனிச் சின்னம் உண்டு.

கேள்வி: வயதுக்கு ஒரு கிலோமீட்டர் என்று 24 கி.மீ. நடக்க ஆசை. 12 வயதுப் பேரனும் 70 வயது அத்தையும் வருகிறார்கள். முடியுமா?

பதில்: நல்ல எண்ணம். நேர்ப்பாதை மட்டும் வேண்டாம். 6 கி.மீ. சுற்று ஒன்றை நான்கு முறை நடக்கலாம். அத்தை ஒரு சுற்றோடு உட்காரலாம், பேரன் இரண்டோடு நிறுத்தலாம், தண்ணீரும் முதலுதவியும் ஒரே இடத்தில் போதும். நேர்ப்பாதையில் பத்தாவது கிலோமீட்டரில் ஒருவர் தளர்ந்தால் வண்டி அனுப்ப வேண்டும், கூட்டமும் சிதறும். மணிக்கு 4 கி.மீ. வேகம், சுற்றுக்கு நடுவே 15 நிமிட ஓய்வு என்றால் ஏழு மணி நேரத்துக்குள் முடியும். வெயிலுக்கு முன்பே தொடங்குங்கள். முன்னே ஒருவர், கடைசி ஆளுக்குப் பின்னே ஒருவர் எப்போதும் இருக்கட்டும். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

முழுத் தூரமும் நடப்பவர்கள் பத்து வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கி, கடைசி மாதத்தில் ஒருமுறையாவது 18 கி.மீ. நடந்திருக்க வேண்டும். பலரை நிறுத்துவது மூச்சு அல்ல, கொப்புளம்தான். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைக்கும். ஊறிய தோல் எளிதில் உரியும். செயற்கை இழை அல்லது கம்பளிக் கலவை நல்லது. நடக்க நடக்கக் கால் வீங்குவதால் ஷூவில் பெருவிரலுக்கு முன்னே ஒரு விரல்கடை இடம் வேண்டும், அதுவும் பழகிய ஷூவாக இருக்கட்டும். சூடாக எரிவதுபோல் தோன்றியதும் நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த ஓய்வுவரை பொறுத்தால் கொப்புளம் வந்துவிடும். தண்ணீர் தாகத்துக்கு ஏற்பப் போதும். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும்.

கேள்வி: நன்கொடையை என் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு மொத்தமாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அறக்கட்டளையிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கி, பணம் நேரே அவர்கள் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள். ரொக்கமாக வருவதற்கு வரிசை எண்ணுள்ள ரசீது. எண்ணும்போது இரண்டு பேர். பதாகை, தண்ணீர்ச் செலவைக் குடும்பமே ஏற்பது நல்லது. முடியாவிட்டால், நன்கொடையிலிருந்து எடுக்கப்போவதை வசூலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வரவு செலவுக் கணக்கு கொடுத்தவர் அனைவருக்கும் ஒரு மாதத்துக்குள் போய்ச் சேரட்டும்.